ஒற்றைக்கண் மகாராணி

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் வயிறு இப்போது எப்படி இருக்கிறது? தீவுத் தண்ணீர் மறுபடியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாயே, கொதிக்க வைத்துக் குடி, சோம்பல் பார்க்காதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் காலையில் வந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக வருவதை நீயே பார்ப்பாய்.

பதினெட்டு வருஷமாக ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். இன்று மூன்றாவது கூடையில் கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியது இந்தப் பக்கம், சின்னது அந்தப் பக்கம், கிழிந்தது கீழே. திடீரென்று சாம்பல் நிற மீன்களுக்கு நடுவில் சிவப்பு வரி. விசிறி மாதிரி விரிந்த துடுப்பு, முதுகெல்லாம் முள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். என்னை அறியாமல் "ஐயோ, மகாராணி!" என்று கத்திவிட்டேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. ஏலக்காரர் விடுவாரா? "யாரும்மா மகாராணி? உனக்கு எப்பம்மா பட்டம் கட்டினாங்க?" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. "யாரும் தொடாதீங்க, முள்ளுல விஷம்!" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்து மூடினேன்.

நீ இங்கே இருந்தபோது முன்னறைத் தொட்டியில் வளர்த்தாயே, மகாராணியும் மந்திரியும், அதே ஜாதிதான். ஆறு வருஷம் கையால் இரை போட்ட எனக்குத் தெரியாதா? ஆனால் அது சூட்டுக் கடல் மீன், பவளப்பாறையை விட்டு வராது என்று நீதானே சொன்னாய்? இங்கே மார்ச்சில் கால் வைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. இது எப்படி வந்தது? உடனே எழுது.

உன் மாமாவுக்குச் செவ்வாய்க்கிழமை கையில் கம்பி குத்திவிட்டது. மூன்றாம் படகுத்துறையில் முங்கி, படகின் அடியில் ஒட்டிக் கிடக்கிற சிப்பியைச் சுரண்டும்போது. வலது கை வீங்கியிருக்கிறது. அன்று வந்ததும் வராததுமாக "வெந்நீர் வை" என்றார். "எதுக்கு?" என்றேன். "ஒண்ணுமில்ல, விடு" என்று போய்ப் படுத்துக்கொண்டார். ஊசி போட்டாயிற்று. இன்று மீன் கதையைச் சொன்னேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலி போலிருக்கிறது.

தபால் படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் என்பதை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

வயிறு சரியாகிவிட்டது. கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். மாமாவின் கை எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா?

உன் கடிதத்தைப் படகுப் பலகையில் நின்றபடியே பிரித்தேன். படித்து முடிக்கும்போது கையில் இருந்த மற்ற தபால்கள் தண்ணீரில் கிடந்தன. ஆய்வு நிலையத்துக்காரர்கள் என்னைத் திட்டியது கூடக் காதில் விழவில்லை.

அக்கா, இங்கே என் அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் இந்த மீன் தெரியும். இது அதன் சொந்த ஊர். அதைத் தின்கிற மீனும் இங்கே உண்டு, அதற்குப் பயப்படத் தெரிந்த சின்ன மீன்களும் உண்டு. உன் கடலில் இரண்டும் கிடையாது. அங்கே இருக்கிற குஞ்சுகளுக்கு இது ஆபத்து என்றே தெரியாது, வாய்க்குள் நீந்திப் போகும். ஒரு ஜோடி நிலைத்துவிட்டால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கில் முட்டை. இவ்வளவு தூரம் தானாக நீந்தி வருகிற மீன் இல்லை இது. யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் இங்கே வேலைக்குக் கிளம்பியபோது உன்னிடம் என்ன சொன்னேன்? கடலில் விடக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஐஸ் தண்ணீரில் போட்டுவிடு, வலியில்லாமல் போய்விடும் என்றேன். நீ என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். அந்த இரண்டையும் நீதானே ஐஸில் போட்டாய்? நாலு வருஷத்துக்கு முன்பு நடந்ததை இப்போது ஏன் கிளறுகிறேன் என்று உனக்கே புரியும்.

இன்னும் எத்தனை வந்தது, எந்தப் பக்கத்து வலையில் வந்தது என்று எழுது. யாருக்காவது முள் குத்தினால் உடனே கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வைக்கச் சொல். டாக்டரிடம் என்ன மீன் என்று கட்டாயம் சொல்லச் சொல். தொட்டியில் ஒட்டியிருந்ததே என் தாள், அதில் எழுதியிருந்தது எல்லாம் அப்படியே.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். நான் அவ்வளவு சௌக்கியம் இல்லை.

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய்? ஐஸ் வைத்தாயிற்று, முடிந்துபோயிற்று என்று அன்றைக்கே உனக்கு எழுதினேன். இடுப்பொடிய ஐஸில் கை விட்டுப் பிழைக்கிறவளுக்கு இரண்டு மீனை ஐஸில் போடத் தெரியாதா? சத்தியத்தை ஞாபகப்படுத்த வந்துவிட்டான். ஊரில் வேறு யாருமே மீன் வளர்க்கவில்லையா? கடைக்காரன் ஒருவன் தொட்டியோடு கொட்டியிருக்கலாம். கப்பலில் வந்திருக்கலாம். போய் அவர்களைக் கேள்.

இதுவரை பதினொன்று வந்துவிட்டது. எல்லாம் உள்ளங்கை அளவு. எல்லாம் மூன்றாம் துறைப் பக்கம் வைத்த வலை. மின் நிலையத்திலிருந்து சூடு தண்ணீர் விழுகிற வாய்க்கால் அங்கேதானே இருக்கிறது. துறையோரம் கொசகொசவென்று திரியும் பொடிமீன் கூட்டம் இந்த வருஷம் கண்ணிலேயே படவில்லை. வலைக்காரர்கள் கொதிக்கிறார்கள். "இதைக் கொண்டாந்து விட்டவன் மட்டும் கையில கிடைக்கட்டும்" என்று பல்லைக் கடிக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவுக்கு வீக்கம் வடியவில்லை. இரண்டு விரல் கறுத்திருக்கிறது. டாக்டர் கீறிப் பார்த்தார். துருப்பிடித்த கம்பிதான் காரணம் என்று இன்னொரு மருந்து கொடுத்திருக்கிறார். அவரோடு சேர்ந்து முங்குகிற நெட்டை வந்து பார்த்துவிட்டு, "அந்த இடத்துல கம்பியே கிடையாதே அண்ணே" என்றான். மாமா அவனை முறைத்தார் பார், அவன் டீயைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அக்கா


ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. கோபமாக எழுதியதால் நீயும் முறுக்கிக்கொண்டாயா? அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

மாமாவின் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும். வியாழக்கிழமை காலையில் டாக்டர் பார்த்தார், மத்தியானம் எடுத்தாயிற்று. கையெழுத்துப் போடு என்று தாளை நீட்டினபோது என் பெயரே எனக்கு மறந்துவிட்டது. நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி குத்தி இப்படி ஆகி நான் பார்த்ததில்ல. வேற ஏதாவது கடிச்சுதா, குத்துச்சா?" என்று டாக்டர் அவரைக் கேட்டார். "கம்பிதான்" என்றார். கண்ணைத் திறக்காமலே சொன்னார். அதற்குப் பிறகு இந்த ஆறு நாளில் என்னோடு பேசியது பத்து வார்த்தை இருக்காது. அந்தக் கையால்தான் உளி பிடித்துச் சுரண்டுவார். இனிமேல் என்ன செய்வார்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு வேறு எழுத ஓடவில்லை.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

நான் முறுக்கிக்கொள்ளவில்லை. புயலால் ஒரு தபால் படகு வரவில்லை. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முதலாவதைப் படித்துக் கோபப்பட்டு, இரண்டாவதைப் பிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமா சாப்பிடுகிறாரா? நீ சாப்பிடுகிறாயா?

மூன்று நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாமாவைக் குத்தியது கம்பி இல்லை அக்கா. அன்றைக்கு வந்ததும் வெந்நீர் கேட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். கம்பி குத்தினவன் எதற்கு வெந்நீர் கேட்கிறான்? என் தாளைத் தொட்டியில் டேப் போட்டு ஒட்டியதே மாமாதான். அவருக்குத் தெரியும். குத்தியது எந்த மீன் என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை விரல் தப்பியிருக்கும். இரண்டு விரல் போகும்வரை ஒரு மனிதர் வாயைத் திறக்கவில்லை என்றால் அவர் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார்.

யாரை என்று யோசித்தேன். உன்னைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

தினமும் ஆயிரம் செத்த மீனைத் தொடுகிறவள் நீ. ஆனால் மகாராணிக்குத் தொட்டி மூடி விழுந்து இடது கண் போனபோது இரண்டு நாள் சாப்பிடாதவளும் நீதான். நான் அதைத் தெரிந்தும் உன் தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். என்னால் முடியாததை உன்னைச் செய்யச் சொன்னேன். தப்பு என்னுடையது. நீ கடலில் விட்டிருந்தால் சொல்லிவிடு. திட்ட மாட்டேன்.

ஒரு வேலை செய். கூடையில் பெரிய மீன் வருகிறதா என்று பார். இடது கண் இல்லாத ஒன்று வந்தால் அதற்கு மேல் சந்தேகமே வேண்டாம்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

வந்துவிட்டது.

நேற்று இரண்டாவது கூடை. முழங்கை நீளம் இருக்கிறாள். இளைத்துப்போய், வயிறு ஒட்டி. வலது பக்கம் மேலே தெரியக் கிடந்தாள். திருப்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து மேஜைக்காரி "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். திருப்பினேன். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல்தான் இருந்தது. நம் மகாராணி.

இப்போது உண்மையைக் கேள். நான் அவளைக் கடலில் விடவில்லை. ஐஸிலும் போடவில்லை. நீ பஸ் ஏறின அன்று வாளியில் ஐஸ் நிரப்பி வைத்தேன். வலையில் அள்ளப் போனால், இரை என்று நினைத்து என் விரலிடம் வந்து நிற்கிறாள். மூன்று தடவை முயற்சி செய்தேன். அப்புறம் சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். மாமாதான், "நீ விடு, நான் ஐஸ் கிடங்குல போட்டுட்டு வரேன்" என்று இரண்டையும் தொட்டித் தண்ணீரோடு வேறு வாளியில் எடுத்துக்கொண்டு போனார். அரை மணியில் காலி வாளியோடு வந்தார். "ஆச்சு" என்றார். நான் உனக்கு, ஐஸ் வைத்தாயிற்று என்று எழுதினேன். சத்தியத்தை நானே காப்பாற்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த ஏப்ரலில் எழுதினபோதும் வெட்கம்தான். அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று எழுதினாயே. அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

மகாராணியை முள்ளெல்லாம் குத்தாமல் இருக்கச் சாக்கில் கட்டி, யாருக்கும் காட்டாமல் முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர் கண்ணில் படாமல் சாக்கோடு ஐஸ் பெட்டியின் அடியில் இருக்கிறாள். அவர் அடுத்த அறையில் இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் எப்படிப் போய்க் கேட்பேன்?

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துக்கொள். நேரில் இருந்தால் காதைத் திருகியிருப்பாய், அதற்கும் நான் தகுதியானவன்தான்.

மாமாவா? நாலு தடவை படித்தும் நம்ப முடியவில்லை. அந்தத் தாளை ஒட்டியதோடு சரி, அவர் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரே. "மீனைப் பாக்கத்தான் நாள் பூரா முங்கறேன், வீட்டுலயும் எதுக்குடா?" என்று கேலி செய்தவர்.

கேட்டுவிடு அக்கா. நீ கேட்காமல் இருப்பதும் அவர் சொல்லாமல் இருப்பதும் அந்த வீட்டுக்குள் இன்னும் எத்தனை நாளைக்கு? விரல் போனதற்கு மேல் ஒன்று போகாமல் இருக்க வேண்டும். அதுதான் என் பயம்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு, குளிர்ந்த கடலில், நாலு வருஷம் அவள் எப்படி வேட்டையாடிப் பிழைத்தாள்? சூடு தண்ணீர் மட்டும் போதாது. இங்கே கண் போன மீன் ஒரு மாதம் தாங்குவதில்லை.

உன் உடம்பையும் பார்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டு, மேஜையில் சாக்கைப் பிரித்து அவளை வைத்தேன். கேட்டுவிடத்தான் நினைத்திருந்தேன், வாய் வரவில்லை.

அவர் கத்துவார், இல்லை எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கட்டுப்போட்ட கையை நீட்டி அவள் தலையைத் தடவினார். முள்ளில் படாமல், சரியான இடத்தில். ஒரே ஒரு தடவை தொட்டவருக்கு அப்படித் தொட வராது. "எங்க கிடைச்சா?" என்றார். "வடக்கு வலையில" என்றேன். "அவ்வளவு தூரம் போயிட்டாளா? பசியில போயிருப்பா" என்றார். அப்புறம் அவர் அழுதார் தம்பி. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று.

நேற்று வந்து உன் விலாசம் எழுதிக் கொடு என்றார். கொடுத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல முடியாதது உனக்கு என்ன இருக்கிறதோ.

அக்கா


ஜூலை 7

மச்சானுக்கு,

நலம்தானே. இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். இவ்வளவு எழுத மூன்று நாள் ஆயிற்று.

விட்டது நான். ஐஸ் கிடங்கு வாசல்வரை போனேன். வாளியைப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஒரு மீன்தானே என்று சொல்லிக்கொண்டேன். கால் மூன்றாம் துறைக்குப் போய்விட்டது. சூடு தண்ணீர் விழுகிற இடம், இரண்டு நாள் பிழைத்துவிட்டுப் போகட்டும் என்று ஊற்றினேன். மறுநாள் வேலைக்கு முங்கினால் கல்லிடுக்கில் நிற்கிறது. சிப்பி ஒன்றை உடைத்து நீட்டினேன். வந்து வாங்கிக்கொண்டது.

அதிலிருந்து நாலு வருஷம், வேலைக்குப் போன நாளெல்லாம் ஊட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால். உன் அக்காவுக்குத் தெரியாது. மந்திரி போன குளிர்காலத்தில்தான் காணாமல் போய்விட்டது. நெட்டை ஒருநாள் பார்த்துவிட்டான். வாயை மூடு என்றேன்.

குஞ்சுகளை நான் ஜனவரியில்தான் பார்த்தேன். துறைத் தூண் ஒவ்வொன்றிலும் நாலு ஐந்து. மற்ற மீன் ஒன்றுகூட இல்லை. நான் செய்த வேலை என்று அப்போதுதான் உறைத்தது. முதலில் இவளை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். செவ்வாய்க்கிழமை வழக்கம்போலச் சிப்பியை நீட்டினேன், வந்தாள். மற்றக் கையால் ஈட்டி எடுக்கப் போனேன். என்ன தோன்றியதோ, திரும்பிவிட்டாள். அவசரத்தில் அவளை வெறும் கையால் பிடிக்கப் பார்த்தேன். இரண்டு விரலில் முள் ஏறிவிட்டது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் என்னைக் குத்தியதில்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீர் கேட்டேன். உன் அக்கா எதுக்கு என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொன்னால் நாலு வருஷத்தையும் சொல்ல வேண்டும். ஆச்சு என்று அன்றைக்குப் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். விடு என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டபோதும் அவள் கட்டில் பக்கத்தில் நின்றாள். விரலைக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

நான் ஊட்டப் போகாததால் அவள் பசியில் அலைந்து வலையில் விழுந்தாள். அதுவும் என் கணக்குத்தான்.

உறையை ஒட்ட வரவில்லை. உன் அக்காவிடம் கொடுத்து ஒட்டித் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். அவள் படிப்பாள். படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

மாமா


ஜூலை 25

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. என் ஜன்னலுக்கு வெளியே அதே மீன்கள் போய்க்கொண்டிருந்தன, பார்க்க முடியாமல் திரையை இழுத்து விட்டேன்.

நான் ஒரு வாளியை அக்கா கையில் கொடுத்தேன். அக்கா மாமா கையில் கொடுத்தாள். மாமா கடலிடம் கொடுத்துவிட்டார். மூன்று பேருக்கும் இரக்கம், மூன்று பேருக்கும் பயம், மூன்று பேரும் பொய். நான் பொய் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். அக்காவால் முடியாது என்று தெரிந்தும், முடியும் என்று நம்புகிற மாதிரி நடித்தேன்.

மீன்வளத் துறைக்கு என் பெயரில் எழுதிவிட்டேன். கடையில் வாங்கியவன் நான், வளர்த்தவன் நான். அடுத்த மாதம் லீவில் வருகிறேன். ஈட்டி பிடிக்க எனக்கும் தெரியும்.

மாமா, தயவுசெய்து கையுறை போடுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

நீ வருகிற செய்தி படித்ததிலிருந்து முன்னறையை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். பழைய தொட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, இப்போதைக்கு வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவர் கடிதத்தைப் படித்தேன். ஒட்டாத உறையைக் கொடுத்தால் படிக்காமல் இருக்க நான் என்ன தபால் பெட்டியா? படித்துவிட்டு இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வருஷம்! தினமும் ஊட்டியிருக்கிறார்! எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது ஒருவாய் ஊட்டியதுண்டா இந்த மனுஷன்? அதைத்தான் முதலில் கேட்டேன். மற்றதெல்லாம் அப்புறம் கேட்டேன். என் ஒரு "எதுக்கு"க்குப் பயந்து இரண்டு விரலைக் கொடுத்திருக்கிறார் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவ்வளவு பயமாகவா நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்? சொல்.

மகாராணியை மீன்வளத் துறையிலிருந்து வந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டோம். அவர்தான் கொடுத்தார், விட்டது நான் என்று வாயால் சொல்லிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஏலக்கூடத்திலும் வந்து சொன்னார், எல்லோர் முன்னாலும். பல்லைக் கடித்தவர்கள் எல்லாம் அவருடைய கையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

இப்போது நெட்டையோடு தினமும் முங்குகிறார். ஈட்டியை இடது கையில் பிடிக்கிறார். பிடித்ததையெல்லாம் மத்தியானம் என் மேஜையில் கொண்டுவந்து கொட்டுகிறார். நான் பிரிக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு புதுக் குவியல். இதுவரை இருநூற்றுச் சொச்சம். குறைகிற மாதிரித் தெரியவில்லை.

வியாழக்கிழமை சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். இடது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. மிச்சமிருக்கிற முழுக் கை அதுதானே. நான் வாயைத் திறக்கவில்லை. அவரே, "குத்திருச்சு. கையுறையைத் தாண்டி ஏறிருச்சு. மகாராணி பிள்ளைங்கள்ல ஒண்ணு. வெந்நீர் வை" என்றார். ஒரே மூச்சில் அத்தனையும் சொன்னார்.

வெந்நீர் அடுப்பில்தான் இருந்தது. அவர் வேலைக்குப் போகிற நாளெல்லாம் அந்த நேரத்துக்கு வைத்துவிடுகிறேன், அவருக்குச் சொன்னதில்லை. வாளியில் ஊற்றிச் சூடு பார்த்து அவர் கையை உள்ளே வைத்தேன். வலியில் கையை இழுக்கப் பார்த்தார், அதனால் என் கையையும் உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஆறின பிறகு டாக்டரிடம் போனோம். மீனின் பெயரை அவரே சொன்னார்.

ஐந்து விரலும் நன்றாக இருக்கின்றன. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், அவர் வருகிற நேரம்.

அக்கா